குளத்து நீரும் தகரக் கூரையும்

ஆவணி மாதத்துப் பின்னேரம் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். தண்ணீர் வற்றிப்போன அலைகரையில் மாடுகள் மேயும். பட்டுப்போன மரக்குற்றிகள் தலை நீட்டும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அறையும். "எல்லாம் சிறுபோக வயலுக்கு விட்ட தண்ணிதானே" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவோம். அது பாதிக் கணக்கு. குளத்திலிருந்து தண்ணீர் போவதற்கு இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று துருசு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு. எவ்வளவு திறந்தது, எத்தனை நாள் திறந்தது என்று அதற்கு ஒரு பதிவு இருக்கும், கமக்காரர் கூட்டத்தில் அதைப் பற்றி வாக்குவாதமும் நடக்கும். மற்ற வழி வானம். அதற்குக் கதவும் இல்லை, வாக்குவாதமும் இல்லை.

வரண்ட வலயத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்த மாதங்களில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகிறது என்று எடுத்துக்கொண்டால் அது மிகையான கணக்காகாது. 5 மில்லிமீற்றர் என்றால் விரல் நகத்தின் பாதி அளவு. யாருக்கும் கண்ணில் தட்டுப்படாது. ஆனால் ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் அது 20,000 லீற்றர், அதாவது பெரிய பவுசர் இரண்டு, ஒவ்வொரு நாளும். நான்கு மாதம் இப்படிப் போனால் நீர்மட்டம் இரண்டு அடி இறங்கும். இரணைமடுவின் கடைசிப் புனரமைப்பில் குளத்தின் நீர் மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தினார்கள். அதற்கு எத்தனை இயந்திரம், எவ்வளவு காசு, எத்தனை வருட வேலை! அந்த இரண்டு அடியைத்தான் ஒரு கோடைகாலம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போகிறது.

இதைச் செய்வது வெயில். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாயூல் சக்தி வேண்டும். மின்சாரப் பட்டியல் கணக்கில் சொன்னால் ஓர் அலகில் மூன்றில் இரண்டு பங்கு. சதுர மீற்றருக்கு 5 லீற்றர் என்றால் மூன்று அலகுக்கு மேல். எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் விழும் சக்தி ஐந்து அலகை அண்டி வரும். ஆக, குளத்தில் விழுகிற வெயிலின் பெரும்பங்கு தண்ணீரை மேலே தூக்குவதிலேயே செலவாகிறது.

அதே வெயில் தகரக் கூரையிலும் விழுகிறது. அங்கே தூக்கிக்கொண்டு போகத் தண்ணீர் இல்லை. அதனால் அது சூடாகவே இருந்து வீட்டுக்குள் இறங்குகிறது.

பல்கலைக்கழகங்களில் நீர் சேமிப்பு ஒரு துறை, கட்டடக் குளிர்ச்சி இன்னொரு துறை, அன்ரனா வேறு, ஒளியை வைத்துக் கருவி செய்யும் ஒளியியல் தொழில்நுட்பம் வேறு. நான் இந்த நான்கையும் சேர்த்து எழுதக் காரணம், வன்னியில் நின்று பார்க்கும்போது இவை ஒரே கேள்வியாகத் தெரிகின்றன: வருகிற அலையை எந்தப் பொருள் தடுக்கும், எது விடும், எது திருப்பி அனுப்பும்? வெயிலும் ஒரு மின்காந்த அலை. அதன் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. சூடான தகரமும் சுவரும் எங்கள் உடம்பும் வெளியே விடும் வெக்கையும் அதே அலைதான், ஆனால் இருபது மடங்கு நீளம். கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வருவதும் அதே அலை, ஒரு அடிமட்டம் அளவு நீளம். இந்த அலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. தங்கள் நீளத்துக்குக் கிட்டிய அளவுள்ள பொருளில் பட்டால் பலமாகச் சிதறும். மிகச் சிறிய பொருளாக இருந்தால் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் குளம்.

ஆவியாதலைத் தடுக்க உலகில் பல வழிகளை முயன்றிருக்கிறார்கள். 1950களில் அவுஸ்திரேலியாவில் ஹெக்ஸாடெக்கனோல் என்ற மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் தூவிப் பார்த்தார்கள். அது ஒரே ஒரு மூலக்கூறு கனமான படலமாகப் பரவி மூடும். ஆய்வுகூடத் தொட்டியில் அருமையாக வேலை செய்தது. திறந்த நீர்த்தேக்கத்தில் காற்று அதை ஒதுக்கிக் கரையில் சேர்த்தது. கச்சான் வீசுகிற வன்னியில் அது எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2015 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு நீர்த்தேக்கத்தில் 96 மில்லியன் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். வெயில் பட்டு நீரில் கெட்ட இரசாயனம் உண்டாவதைத் தடுப்பதே அங்கு முதல் நோக்கம், ஆவியாதல் குறைந்தது கூடுதல் நன்மை. ஆனால் அத்தனை பந்துகளைச் செய்யவே பெருமளவு தண்ணீர் செலவாகும் என்று பிறகு வந்த ஓர் ஆய்வு காட்டியது.

மிதக்கும் சூரிய மின்தகடுகள் இவற்றை விடப் பொருத்தமானவை. நிழலும் விழும், மின்சாரமும் வரும். தண்ணீருக்கு மேலே தகடு கொஞ்சம் குளிர்ச்சியாக இருப்பதால் நிலத்தில் வைத்ததை விடச் சற்றுக் கூடுதலாகவே மின் தரும். இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. அறிவியல்நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் கிளிநொச்சி வளாகத்தில் 2020 இல் நோர்வேயின் துணையோடு இப்படியொரு மிதக்கும் நிலையத்தை அமைத்தார்கள். ஆனாலும் பெரிய குளங்களை அப்படியே தகட்டால் மூடுவதை நான் விரும்ப மாட்டேன். குளத்தில் மீன் பிடித்துச் சீவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. தாமரை இருக்கிறது, நீர்ப்பறவைகள் இருக்கின்றன. வெளிச்சம் படாத தண்ணீருக்குள் உயிர்வாயு குறையும். ஒரு மூலையை மூடி இரண்டு கோடை அளந்து பார்த்த பிறகுதான் அடுத்த மூலையைப் பற்றிப் பேச வேண்டும்.

காற்றைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு மேலே ஈரக்காற்று ஒரு போர்வை போலத் தங்கி நிற்கும். அந்தப் போர்வை இருந்தால் ஆவியாதல் மெதுவாகும். காற்று அதை இழுத்துக்கொண்டு போய்விட்டு வரண்ட காற்றைக் கொண்டுவந்து விடுகிறது. எங்கள் பழைய குளங்களில் நீர் வந்து சேரும் மேல்பக்கக் கரையில் மரக்கூட்டம் ஏன் இருந்தது என்பதற்கு இது ஒரு பதில். மருதும் நாவலும் நின்ற இடத்தில் காற்றின் வேகம் தணியும், வண்டலும் வேரில் தங்கும். ஒரு குளத்தில் மிஞ்சிய நீர் அடுத்த குளத்துக்குப் போகிற குளத்தொடர் முறையை, அதன் மரக்கூட்டங்களோடு சேர்த்து, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவமுள்ள வேளாண் மரபாக ஏற்றிருக்கிறது. வண்டல் விழுந்த குளம் ஆழம் குறைந்து அகலமாகப் பரவும், அகலமான தண்ணீர் விரைவாகப் போகும். ஆகவே தூர் வாருவதும் கரையில் மரம் நடுவதும் ஆவியாதலைக் குறைக்கிற பொறியியல் வேலைகள்தான். என் கணக்கில் எந்தப் புதிய பொருளுக்கும் முன்னால் செய்யவேண்டியவை இவை.

இனி வீட்டுக்கு வருவோம். இந்தப் பகுதியைத்தான் நான் உடம்பால் அறிந்திருக்கிறேன்.

2010 இல் மீளக் குடியேறி வந்தபோது முதலில் தறப்பாள், அப்புறம் தகரம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தறப்பாளுக்குள் இருக்க முடியாது. தகரம் வந்தால் விடிவு என்று நினைத்தோம். அது வேறு மாதிரியான அடுப்பு. "உள்ளுக்கை இராதை, வேம்புக்குக் கீழை போய் இரு" என்று அம்மா கலைப்பார். பிறகு எங்களுக்குக் கிடைத்த மேசைக் காற்றாடியும் உதவவில்லை. காரணம் எனக்குப் பல வருடத்துக்குப் பிறகுதான் விளங்கியது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாற்று விழுகிறது. பழைய, துருப்பிடித்த தகரம் அதில் பாதிக்கும் மேல் விழுங்கும். விழுங்கிய சூட்டை அடிப்பக்கத்தால் நேரே எங்கள் தலையில் கதிராக இறக்கும். காற்றாடி காற்றைத்தான் அசைக்கும், கதிரை அசைக்காது.

சரி, புதுத் தகரம் பளபளவென்று இருக்கிறதே, அது வெயிலைத் திருப்பி அனுப்பாதா? அனுப்பும். ஆனால் பளபளக்கும் உலோகத்துக்கு ஒரு குறை உண்டு. தான் விழுங்கிய மிச்சச் சூட்டை வெக்கை அலையாக வெளியே விட அதற்கு வராது. வாங்குவது கொஞ்சமாக இருந்தாலும் விடமாட்டாது, அதனால் கொதிக்கும். வெள்ளைப் பெயின்ற் பூசினால் இரண்டும் சரியாகும். வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பும், வெக்கையைத் தாராளமாக வெளியே விடும். கூரைக்கு இந்த இரண்டு குணமும் வேண்டும். 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தபோது எங்கள் காலநிலைக்கு அவை பொருந்துமா என்று கேள்வி எழுந்ததே, அதற்குள் இந்தக் கேள்வியும் இருந்தது. கிடுகும் பனையோலையும் இடையில் காற்றை அடைத்து வைத்துச் சூட்டை மறித்தன. மண்சுவர் பகல் வெயிலை மெதுவாக வாங்கி இரவில் விட்டது. அவற்றை விட்டுவிட்டு உலோகத்துக்கு மாறும்போது, அவை செய்த வேலையை வேறு எதாவது செய்தாக வேண்டும்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். மாசி மாதம் விடியப்புறம் எழும்பித் தகரக் கூரையைப் பார்த்தால், மழை பெய்யாமலே ஓரத்தால் நீர் சொட்டும். சுற்றியிருக்கிற காற்றை விடத் தகரம் குளிர்ந்துபோனால்தான் அதில் பனி படியும். காற்றை விடக் குளிர்வதற்கு அது சூட்டை யாரிடம் கொடுத்தது? வானத்திடம். காற்றுமண்டலம் பெரும்பாலான வெக்கை அலைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் 8 பங்கிலிருந்து 13 பங்கு வரை நீளமுள்ள அலைகளுக்கு மட்டும் அதில் ஒரு யன்னல் திறந்திருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் இருக்கும் பொருட்கள் அதிகம் வெளிவிடுவதும் அந்த நீளத்து அலைகளையே. அந்த யன்னல் வழியாகக் கூரையின் சூடு விண்வெளியின் கடுங்குளிருக்கு நேராகப் போகிறது.

இரவில் நடக்கிற இதைப் பகலில் நடத்திக் காட்டியதுதான் அண்மைக்கால ஒளியியல் ஆய்வின் சாதனை. 2014 இல் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அஷ்வத் ராமனும் ஷான்ஹுய் ஃபானும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஹஃப்னியம் ஒட்சைட்டும் சிலிக்காவும் மாறி மாறி அடுக்கிய ஏழு படலங்களை ஒரு வெள்ளி முலாமுக்கு மேலே வைத்தார்கள். ஒவ்வொரு படலத்தின் கனமும் ஒளியின் அலைநீளத்துக்கு ஏற்றபடி தீர்மானித்தது. அது வெயிலில் 97 வீதத்தைத் திருப்பி அனுப்பியது. அந்த வான யன்னலில் சூட்டை வெளியே விட்டது. நேரடி வெயிலில் கிடந்தே சுற்றுக்காற்றை விட 4.9 பாகை செல்சியஸ் குளிர்ந்தது. மின்சாரம் ஒரு துளியும் இல்லை. குளிர்த்தும் வலு சதுர மீற்றருக்கு 40 வாற்று அளவில் வந்தது.

ஏழு படலக் கண்ணாடி எங்கள் கூரைக்கு வராது, விலை கட்டாது. அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடித்தது. பேர்டியூ பல்கலைக்கழகத்தில் 2020 இல் கல்சியம் காபனேற்று கலந்த ஒரு வெள்ளைப் பெயின்ற் செய்தார்கள். வெயிலில் 95.5 வீதத்தைத் திருப்பியது. அடுத்த வருடம் பேரியம் சல்பேற்றில் 98.1 வீதம். கல்சியம் காபனேற்று வேறொன்றும் இல்லை, சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றுப் பட்டு இறுகினால் வருவது அதுதான். அம்மம்மா பொங்கலுக்கு முன்னம் சுவருக்கு அடித்த சுண்ணாம்புக்கும் அந்தப் பெயின்றுக்கும் பொருள் ஒன்று. அவர்கள் செய்த நுட்பம், துகளை நெருக்கமாகச் சேர்த்ததும் பல அளவுத் துகள்களைக் கலந்ததும். வெயிலில் பல அலைநீளங்கள் இருப்பதால் ஒவ்வோர் அலைக்கும் அதற்கேற்ற அளவில் ஒரு துகள் வேண்டும். முன்னே சொன்ன பொதுக்குணம் இங்கே வேலை செய்கிறது.

இதை வன்னிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரமுடியாது. நீராவி அந்த வான யன்னலை மூடும். கலிபோர்னியாவின் வரண்ட வானத்தில் கிடைத்த குளிர்ச்சி, ஐப்பசி கார்த்திகை மாதத்து ஈரக்காற்றில் கிடைக்காது. மாசியில் நன்றாகக் கிடைக்கும், கச்சான் காலத்தில் ஓரளவு கிடைக்கும். அடுத்தது கிரவல் றோட்டுத் தூசு. ஒரு மாதத்தில் வெள்ளைக் கூரை செம்மண் நிறமாகும். எங்கள் பக்கத்தில் வருடம் முழுக்க வைத்து அளந்த இலக்கங்கள்தான் எங்களுக்கு உதவும். அதுவரைக்கும் கூரைக்கென்று விற்கிற சாதாரண வெள்ளைப் பெயின்றே தகரத்துக்குப் பெரிய வித்தியாசத்தைத் தரும். வெறும் சுண்ணாம்பு தகரத்தில் நிற்காது, மழைக்குக் கழன்றுவிடும். அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் பூசுவதற்கு முன் சுரண்டவே கூடாது, அந்தத் தூசு சுவாசப்பைக்கு ஆபத்து.

அன்ரனாவை எங்கள் சனம் பட்டறிவால் படித்தவர்கள். மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு, கம்பியை எந்தப் பக்கம் திருப்பினால் இரைச்சல் குறையும் என்று தெரியும். உயர்ந்த குழாயில் மீன்முள் மாதிரி நின்ற ரீவி அன்ரனா 1926 இல் ஜப்பானில் யாகி, உடா என்ற இருவர் வடிவமைத்தது. அதன் முட்களின் நீளம் பிடிக்கவேண்டிய அலையின் பாதி நீளத்தை ஒட்டியிருக்கும். இங்கும் அளவுதான் எல்லாம்.

அந்த அறிவு இப்போது தண்ணீருக்கு எப்படி உதவுகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கைத்தொலைபேசிக் கோபுரங்களில் வட்டமாக, மேளம் போல ஒன்று கட்டியிருக்கும். ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்தோடு பேசுவது அதனால்தான். அது அனுப்பும் அலை ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீளம், சிலவேளை அதிலும் குறைவு. மழைத்துளி சில மில்லிமீற்றர். இரண்டும் கிட்டிய அளவு என்பதால் மழை அந்த அலையைச் சிதறடித்து மங்கச் செய்யும். எவ்வளவு மங்கியது என்று பார்த்தால் இரண்டு கோபுரங்களுக்கிடையில் எவ்வளவு மழை பெய்தது என்று கணக்கிடலாம். 2006 இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். இலங்கையின் கோபுரங்களிலிருந்து வந்த தரவை வைத்தே நெதர்லாந்து ஆய்வாளர்கள் செய்த ஓர் ஆய்வு 2021 இல் வெளியானது. மழைமானி இல்லாத காட்டுப் பகுதி எங்களுக்கு நிறைய இருக்கிறது. இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றின் மேற்பக்கத்தில் இரவு என்ன மழை பெய்தது என்பது, குளத்தின் மிச்ச நீரைத் திறந்துவிடும் வான்கதவுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வானத்திலிருந்து பார்க்கவும் வழி உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2014 ஏப்ரலில் அனுப்பிய சென்ரினல்-1 செய்மதியில் 12 மீற்றர் நீள அன்ரனா இருக்கிறது. அதன் அலை 5.6 சென்ரிமீற்றர். முகில்துளி அதைவிட மிக மிகச் சிறியது என்பதால் முகிலைத் தாண்டி வரும். அசையாத தண்ணீர் கண்ணாடி போல அந்த அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் படத்தில் குளம் கறுப்பாக விழும். மாரியில் முகில் மூடிக்கிடக்கும் நாட்களிலும் முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ எவ்வளவு பரப்பு நிறைந்திருக்கிறது என்று பார்க்கலாம், படங்களும் இலவசம். ஆனால் காற்றில் அலையடிக்கும் தண்ணீரும் தாமரை மூடிய குளமும் இந்தப் படத்தை ஏமாற்றும். எந்தக் குளத்தில் தாமரை எவ்வளவு என்று ஊரில் இருப்பவர்கள் சொன்னால்தான் படம் சரியாகும்.

ஒளியியலில் இன்னும் ஒன்று பாக்கி. அது குளக்கட்டுக்குள்ளே புதைக்கிற கண்ணாடி இழை. இணையத் தொடர்புக்கு நாங்கள் பாவிக்கிற அதே ஃபைபர் கேபிள் ஒரு நீண்ட வெப்பமானியாகவும் வேலை செய்யும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறித் திரும்புகிறது என்று கண்டுபிடித்து 1930 இல் நோபல் பரிசு பெற்றார். இழைக்குள் லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பினால் அப்படி நிறம் மாறிய ஒளி இழையின் ஒவ்வொரு இடத்திலிருந்தும் திரும்பி வரும். வந்து சேர்ந்த நேரம் இடத்தைச் சொல்லும். நிறம் மாறிய இரண்டு வகை ஒளியின் விகிதம் அந்த இடத்தின் வெப்பநிலையைச் சொல்லும். குளத்து நீரின் சூடு பருவத்தோடு மாறும். கட்டுக்குள்ளே ஆழத்தில் கிடக்கும் மண்ணின் சூடு அவ்வளவு விரைவாக மாறாது. எங்காவது நீர் கசிந்து உள்ளே ஓடத் தொடங்கினால் அந்த ஓரிரு மீற்றரில் மட்டும் மண் குளத்தின் சூட்டுக்கு மாறும். இப்படி மண் அணைகளில் கசிவு தேடும் வேலை ஐரோப்பாவில் 1990களிலிருந்தே நடக்கிறது.

குளம் நிறைந்து வான் பாய்கிற இரவில் குளக்கட்டைச் சுற்றி ஆட்கள் ரோச் லைற்றோடு நடப்பார்கள். கட்டின் வெளிக்கரையில் புல்லுக்குள் எங்கே ஈரம், எங்கே தண்ணீர் கலங்கி வருகிறது என்று குனிந்து குனிந்து பார்ப்பார்கள். கலங்கல் என்றால் உள்ளே மண் அரிபடுகிறது, தெளிவு என்றால் அவகாசம் இருக்கிறது. அந்தக் கேபிள் இருந்தால், ஈரம் புல்லுக்கு வர முந்தியே, எந்த இடத்துக்கு முதலில் ரோச் லைற்றைக் கொண்டுபோக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.